நூலகர் பார்க்கும் திரை

(இலத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு திரையைப் பற்றி. ஒரு இணையதளத்துக்கு வந்துபோகும் பொதுமக்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அலுவலகத்துக்குள் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை பெயர், தேதி, தொகை, முகவரி என்று தட்டிக்கொண்டே இருக்கிறாரே, அவர் மட்டும் பார்ப்பது. அட்மின் என்று சொல்கிறோம். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தில் இந்த அட்மின் கூடவே வருகிறது. எந்தெந்தத் தகவலைச் சேமிக்க வேண்டும் என்று நாம் மாடல் எழுதிப் பதிவு செய்துவிட்டால் போதும். சேர்க்க, திருத்த, பார்க்க, நீக்க ஒரு திரை தயார். வேறு ஒரு வரி எழுத வேண்டியதில்லை.

சும்மா கிடைத்துவிடுவதால்தான் அதைப் பலர் கவனிப்பதே இல்லை. பொதுமக்கள் பார்க்கும் முகப்புக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு, வந்தது வந்தபடி கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முகப்பைப் பார்ப்பவர் இரண்டு நிமிடம் பார்ப்பார். உள்ளே இருப்பவர் தன் வேலைக்காலம் முழுக்க அதிலேதான் இருக்கப்போகிறார். அவருடைய வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அந்த வரிசைக்குத் திரையைக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. அட்மினை மாற்றியமைப்பது என்று நான் சொல்வது அதைத்தான்.

இங்கே இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமம் இருக்கிறது. 2011இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் தொடங்கிய ஸோஹோ மென்பொருள் நிறுவனம், தன்னுடைய டெஸ்க் என்ற மென்பொருளை இந்தப் பகுதியிலிருந்துதான் உருவாக்கியது. வாடிக்கையாளரின் புகாரை வாங்கிப் பதில் சொல்லும் ஊழியருக்கான மென்பொருள் அது. அதுவும் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் திரைதான். ஆகவே இப்படிப்பட்ட வேலை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அதைச் சிறு அலுவலகங்களுக்கும் நூலகங்களுக்கும் சங்கங்களுக்கும் நீங்களே செய்து கொடுக்கலாம். ஜாங்கோவுக்குக் காசு கிடையாது. உரிமமும் திறந்தமூல உரிமம்.

முதலில் அது பிறந்த இடம். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஒரு நடுத்தர ஊர். அங்கே லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற உள்ளூர்ச் செய்தித்தாள். அதன் இணையப் பிரிவில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரண்டு இளைஞர்கள் 2003இல் பைத்தானுக்கு மாறினார்கள். பத்திரிகை அலுவலகம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். காலையில் கேட்பார்கள், மாலைக்குள் வேண்டும் என்பார்கள். இன்றைக்குத் தேர்தல் முடிவு, நாளைக்குப் பள்ளி விளையாட்டு, மறுநாள் உணவகப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தகவல் உள்ளிடும் திரை எழுதிக்கொண்டிருந்தால் செய்தி பழசாகிவிடும். நிரல் எழுதுபவர் மாடலை மட்டும் எழுதட்டும், நிருபரும் உதவி ஆசிரியரும் அன்றைக்கே தகவலை உள்ளிடத் தொடங்கட்டும் என்ற நெருக்கடியில் பிறந்ததுதான் இந்த அட்மின். 2005 ஜூலையில் சட்டகம் முழுவதையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார் கலைஞரின் பெயரை வைத்தார்கள். ஹோலோவாட்டியும் கிதார் வாசிப்பவர்.

ஆரம்பத்தில் அட்மின் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை மாடலுக்குள்ளேயே எழுத வேண்டியிருந்தது. 2008 செப்டம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் இரண்டையும் பிரித்தார்கள். நிரல் எழுதுகிற பிள்ளைகள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தகவல் ஓரிடத்தில், அதைப் பார்க்கும் முகம் வேறிடத்தில். அதனால் ஒரே தகவலுக்கு நூலகருக்கு ஒரு முகம், கணக்கருக்கு ஒரு முகம், மேலதிகாரிக்கு ஒரு முகம் என்று கொடுக்க முடிகிறது. மாற்றியமைத்தல் என்ற பேச்சுக்கே அந்தப் பிரிவினைதான் இடம் கொடுத்தது.

இனி ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம். இந்த ஊர் அளவுள்ள ஓர் ஊரில் ஒரு நூலகம். சில ஆயிரம் நூல்கள், சில நூறு உறுப்பினர்கள், ஒரே நூலகர். நூல், உறுப்பினர், இரவல் என்று மூன்று மாடல் எழுதி அட்மினில் பதிவு செய்துவிட்டோம். திறந்தால் என்ன தெரியும்? புக் ஆப்ஜெக்ட் ஒன்று, புக் ஆப்ஜெக்ட் இரண்டு, புக் ஆப்ஜெக்ட் மூன்று என்று ஒரு வரிசை. எது எந்த நூல் என்று நூலகருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இங்கே நிரலைத் திறப்பதற்கு முன்னால், நூலகர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நூலைத் திருப்பிக் கொடுக்க வருபவர் நீட்டியதும் அவர் முதலில் பார்ப்பது தலைப்பை இல்லை, சேர்க்கை எண்ணை. ஆகவே பட்டியலில் முதல் பத்தியாகச் சேர்க்கை எண் வர வேண்டும். அடுத்து தலைப்பு, ஆசிரியர், அலமாரி, இப்போது யாரிடம் இருக்கிறது, தவணை தேதி. இதற்கு லிஸ்ட் டிஸ்ப்ளே என்ற ஒரு வரி போதும்; கடைசி இரண்டும் இரவல் மாடலில் இருப்பதால் அவற்றுக்கு மட்டும் சிறு செயற்கூறு எழுத வேண்டும். தேடும் பெட்டிக்கு சர்ச் ஃபீல்ட்ஸ். சேர்க்கை எண் முழுமையாகப் பொருந்தினால் மட்டும் வரட்டும், தலைப்பில் ஒரு துண்டு பொருந்தினாலும் வரட்டும் என்று தனித்தனியே அதில் சொல்லலாம். தவணை கடந்தவை மட்டும், இந்த மாதம் வந்தவை மட்டும் என்று வடிகட்ட வலப்பக்கம் ஒரு பகுதி வைக்கலாம்.

எஸ்.ஆர். ரங்கநாதனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சீர்காழியில் பிறந்தவர், 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கணினியே இல்லாத காலத்தில் அட்டையை எந்த இழுப்பறையில் வைத்தால் கை சீக்கிரம் எட்டும் என்று யோசித்த மனிதர். நூலகரின் நேரம் மிச்சமானால்தான் வாசகரின் நேரம் மிச்சமாகும். வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இரவல் படிவத்துக்கு வருவோம். யாருக்கு என்ற இடத்தில் ஜாங்கோ இயல்பாக ஒரு கீழ்விரிப் பட்டியலைக் கொடுக்கும். அதில் எல்லா உறுப்பினர்களும் இருப்பார்கள். எந்த நூல் என்ற இடத்திலும் அப்படியே, ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு முறை படிவத்தைத் திறக்கும்போதும் அந்த ஆயிரமும் இணையம் வழியாக இறங்கும். 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் ஆட்டோகம்ப்ளீட் ஃபீல்ட்ஸ் வந்தது. இரண்டெழுத்துத் தட்டினால் பொருந்துபவை மட்டும் வரும். ஆனால் வருவது உறுப்பினரின் வெறும் பெயராக இருந்தால் நம் பக்கத்தில் அது உதவாது. ஒரே ஊரில் நான்கு இசக்கியம்மாள், ஐந்து மாடசாமி இருப்பார்கள். பெயரோடு தகப்பனார் பெயரும் தெருவும் சேர்ந்து தெரியும்படி மாடலின் எழுத்து வடிவத்தை அமைக்க வேண்டும். நகரத்தில் எழுதிய மென்பொருள் கிராமத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இப்படிச் சின்ன இடத்தில்தான்.

பட்டியல் மெதுவாகத் திறக்கிறதா? ஒரு பக்கத்துக்கு நூறு வரி என்பது ஜாங்கோவின் இயல்பு. இரவல் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் உறுப்பினர் பெயரை நம் செயற்கூறு தனியே தரவுத்தளத்தில் போய்க் கேட்டால் ஒரு பக்கம் திறக்க நூறு கேள்வி கூடுதலாகப் போகும். லிஸ்ட் செலக்ட் ரிலேட்டட் என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் ஒரே கேள்வியில் முடியும். மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போது மின்சாரம் எத்தனை தடவை போய் வருகிறது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அட்மின் படிவத்துக்குத் தானாகச் சேமிக்கும் வழக்கம் கிடையாது. நாற்பது கட்டம் உள்ள ஒரே படிவத்தைக் கொடுத்தால் முப்பத்தெட்டாவது கட்டத்தில் மின்சாரம் போகும். அவசியமானவற்றை மட்டும் முதல் படிவத்தில் வையுங்கள். மற்றவற்றை ஃபீல்ட்செட்ஸ் கொண்டு தனித்தொகுதியாக மூடி வைத்து, பிறகு நிரப்பச் சொல்லுங்கள்.

அடுத்து தமிழ். எனக்கு மனசு அதிகம் ஒட்டும் பகுதி இது, கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஜாங்கோவில் தமிழ் உண்டு. மொழியைத் தமிழ் என்று அமைத்தால் பல பொத்தான்களும் குறிப்புகளும் தமிழில் வரும். எல்லாம் வராது, மொழிபெயர்க்கப்படாத இடங்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். அந்த மொழிபெயர்ப்பு டிரான்ஸிஃபெக்ஸ் என்ற தளத்தில் தன்னார்வலர்களால் நடக்கிறது. இங்கே இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் சேரலாம். சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் மாடலுக்கும் கட்டங்களுக்கும் தமிழ்ப் பெயரை நாமே கொடுத்துவிடலாம். ஒரு விஷயம் கவனம்: ஒருமைப் பெயரை மட்டும் நூல் என்று கொடுத்துவிட்டுப் பன்மையை விட்டுவிட்டால், ஜாங்கோ ஆங்கில வழக்கப்படி நூல் என்ற சொல்லின் வாலில் எஸ் எழுத்தை ஒட்டிவிடும். முகப்பிலேயே அது தெரியும். நூல்கள் என்று பன்மையையும் தனியே எழுதிக் கொடுங்கள்.

ஜாங்கோ தரும் பயனர் மாடலில் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் உண்டு. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியலும் பெயரும்தான். கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் தகப்பனார் பெயரைப் போடுவார், ஒருவர் புள்ளி வைத்துவிட்டுப் போவார். ஆறு மாதம் கழித்து அந்தத் தகவலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. திட்டத்தின் முதல் நாளே சொந்தப் பயனர் மாடலை எழுதிவிடுங்கள். நடுவில் மாற்றுவது பெரும் பாடு என்று ஜாங்கோவின் ஆவணமும் சொல்கிறது.

தேடலில் இன்னொரு சிக்கல். கொ என்ற எழுத்தைக் கணினிக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது கொம்பு ஒரு குறி, கால் ஒரு குறி என்று பிரித்துப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு. பழைய எழுத்துருவில் இருந்த பட்டியலை ஒருங்குறிக்கு மாற்றிக் கொண்டுவந்திருந்தால் பிரித்த வடிவம் உள்ளே இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது கொடி என்று தேடுவார் நூலகர். இல்லை என்று வரும். நூலோ எதிரே அலமாரியில் இருக்கும். சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்துகளை என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இது தீரும். தீராத ஒன்றும் உண்டு. கௌரி என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்றையும் தனித்தனியே தட்டி கெளரி என்று எழுதுகிறோம். பத்திரிகைகளில்கூட இந்தப் பிழையைப் பார்க்கலாம். எந்தத் தர வடிவமும் இதைத் திருத்தாது. தேடும் செயற்கூற்றில் நாமே இரண்டையும் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டும்.

அகரவரிசையும் அப்படித்தான். ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே இருக்கிறது, றகரம் ரகரத்துக்கு அடுத்து, ளகரம் ழகரத்துக்கு முன்னால். தரவுத்தளத்தை அதன் போக்கில் விட்டால் மயிலுக்கு முன்னால் மனம் வரும். மலைக்கு அடுத்து மளிகை வந்து, அதற்குப் பிறகு மழை வரும். பள்ளியில் படித்த வரிசையில் தேடும் நூலகர் பட்டியலையே நம்பமாட்டார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஐசியு என்ற வரிசைமுறையைப் பயன்படுத்தினால் நம் வரிசை கிடைக்கும். 2021 ஏப்ரலில் வந்த ஜாங்கோ 3.2 முதல் ஒவ்வொரு எழுத்துக் கட்டத்துக்கும் எந்த வரிசைமுறை என்று மாடலிலேயே எழுதலாம். தொகைக்கு வந்தால், ஒரு லட்சத்தை 100,000 என்று காட்டாமல் 1,00,000 என்று நம் வழக்கப்படி காட்டும் வசதி 2017இல் வந்த 1.11 பதிப்பிலிருந்தே இருக்கிறது. கணக்கர் கண் சிமிட்டாமல் படிக்க அது உதவும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொன்னால் உடனே புரியும். பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. பிறகு தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். மண் நகரவில்லை, முகவரி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. மாவட்டப் பெயர்களை நிரலுக்குள்ளேயே நிலையான பட்டியலாக எழுதிவைத்திருந்தால், 2019 நவம்பரில் நிரல் எழுதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். மாவட்டம், வட்டம், ஊர் மூன்றையும் தனி மாடலாக வைத்து அட்மினில் கொடுத்துவிட்டால், அரசாணை வந்த அன்றைக்கு அலுவலரே ஒரு வரி சேர்த்துவிடுவார். எது அடிக்கடி மாறுமோ, யார் மாற்ற வேண்டியவரோ, அவர் கைக்கு அதைக் கொடுங்கள். கூடவே ஒரு பாதுகாப்பு: பழைய மாவட்டத்தை ஒருவர் தெரியாமல் நீக்கினால் அதோடு இணைந்த எல்லாப் பதிவும் போய்விடக் கூடாது. நீக்கத்தைத் தடுக்கும் புரொடெக்ட் என்ற விதியை அங்கே போட்டுவையுங்கள்.

அனுமதி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். சிறு அலுவலகங்களில் ஒரே ஒரு சூப்பர்யூசர் கணக்கு. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். கோவில் கருவூலம், மடப்பள்ளி, செருப்பு வைக்கும் அறை எல்லாவற்றுக்கும் ஒரே சாவிக்கொத்தை வாசலில் தொங்கவிட்ட மாதிரி அது. அட்மினில் யார், எப்போது, எதைச் சேர்த்தார், திருத்தினார், நீக்கினார் என்ற வரலாறு தானாகப் பதிவாகிறது. எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்த வரலாற்றுக்கு அர்த்தம் போய்விடும். பழியும் அன்றைக்கு அங்கே இருந்த கடைநிலை ஊழியர் மேல் விழும். ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். குழுக்கள் அமைத்து, சேர்க்க, திருத்த, நீக்க, பார்க்க என்று அனுமதியைப் பிரியுங்கள். வெறுமே பார்க்க மட்டும் அனுமதி என்பது 2018 ஆகஸ்டில் 2.1 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவருக்கெல்லாம் திருத்தவும் அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு கிளையின் ஊழியர் அந்தக் கிளையின் பதிவை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் கெட் குவெரிசெட் என்ற செயற்கூற்றை மாற்றி எழுதுகிறோம். பட்டியலில் மற்றக் கிளைகள் மறைந்துவிடும். ஆனால் படிவத்துக்குள் இருக்கும் கீழ்விரிப் பட்டியலில் மற்றக் கிளை உறுப்பினர்களின் பெயர்கள் அப்படியே நிற்கும். அதையும் தனியே கட்டுப்படுத்த வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஒரு கட்டத்தைத் திருத்தக் கூடாது என்றால் ரீட்ஒன்லி ஃபீல்ட்ஸில் போடுங்கள். கண்ணில் படாமல் அலங்கார நிரலால் மறைத்துவிட்டுப் பூட்டிவிட்டதாக நினைக்கக் கூடாது. ஆதார் எண்ணைப் பட்டியல் திரையில் ஒருபோதும் காட்டாதீர்கள். நூலகத்துக்கு அந்த எண் தேவையே இல்லை என்றால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டமே வந்துவிட்டது.

ஆக்‌ஷன் என்று ஒரு வசதி உண்டு. பட்டியலில் இருபது வரியைத் தேர்ந்தெடுத்து, இவை எல்லாம் திரும்பி வந்துவிட்டன என்று ஒரே சொடுக்கில் குறிக்கலாம். மாதக் கடைசியில் நூலகருக்கு இது பெரிய உதவி. ஆனால் மொத்தமாக மாற்றும் அப்டேட் முறையைப் பயன்படுத்தினால் மாடலின் சேவ் செயற்கூறு ஓடாது. அபராதக் கணக்கை அந்த சேவுக்குள் எழுதியிருந்தீர்கள் என்றால், இருபது நூலுக்கும் அபராதம் கணக்கிடப்படாமலே போய்விடும். மொத்தமாக நீக்குவதும் அப்படியே, மாடலின் டிலீட் செயற்கூற்றைத் தொடாமல் போகும். அதற்காகவே டிலீட் குவெரிசெட் என்ற தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். பணம் சம்பந்தப்பட்ட எதையும் ஆக்‌ஷனில் எழுதும் முன்னால் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நிறம், தோற்றம் பற்றிக் கேட்பீர்கள். மேலே நூலகத்தின் பெயரைத் தமிழில் வைக்க சைட் ஹெடர் என்ற ஒரு வரி போதும். அதை அவசியம் செய்யுங்கள், தன் இடம் என்ற உணர்வு ஊழியருக்கு வரும். ஜாஸ்மின், அன்ஃபோல்ட் போன்ற தயார் அலங்காரங்கள் இருக்கின்றன. ஜாங்கோவின் வார்ப்புருக்களை நகலெடுத்து முழுக்க மாற்றி எழுதினால், அடுத்த பதிப்புக்கு மாறும்போது உடையும். நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 2023 ஏப்ரலில் 4.2, 2025 ஏப்ரலில் 5.2. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து சரிசெய்ய ஓர் ஆள் அந்த நூலகத்தில் கிடையாது என்பதை நினைவில் வைத்து, பேஸ் சைட் என்ற ஒரு வார்ப்புருவின் தேவையான பகுதியை மட்டும் மாற்றுங்கள்.

நல்லபடியாக அமைந்த அட்மினைப் பார்த்ததும் ஒரு ஆசை வரும். உறுப்பினர்களும் இதிலேயே நுழைந்து நூல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டுமே என்று நிர்வாகி சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். நம்பிக்கைக்குரிய ஊழியர்களுக்கான உள்வேலைத் திரை என்றே ஜாங்கோவை எழுதியவர்கள் அதை வகுத்திருக்கிறார்கள். ஆவணத்திலும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். அட்மின் தகவல் அட்டவணையைச் சுற்றிக் கட்டப்பட்டது; வாசகர் வருவதோ ஒரு தேவையோடு. கையில் இருக்கும் செல்போனில் தலைப்பைத் தட்டி, எந்த அலமாரி, இப்போது உள்ளே இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் அறிந்துகொள்ள அவருக்குக் கடவுச்சொல் எதற்கு? அந்தப் பக்கத்தைத் தனியே, சிறியதாக, அதே மாடல்களை வைத்து எழுதிக் கொடுங்கள். நூலகர் உள்ளே தவணை தேதியை மாற்றிய அடுத்த நொடி வெளியே வாசகருக்கு அது தெரியும். இரண்டு திரைக்கும் தகவல் ஒன்றுதான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மாடல் எழுதிக்கொண்டு வந்திருக்கும் பிள்ளைகள் மடிக்கணினியைத் திறந்து வையுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.